முன்பனிக்கு அடியில்

பனியில் சறுக்கக் காலில் மாட்டிக்கொள்ளும் நீளப் பலகைதான் ஸ்கீ. என் இடது ஸ்கீயின் அடிப்பக்கத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. நடுவிரல் நீளம், சுண்டுவிரல் அகலம். மற்ற இடமெல்லாம் கன்னங்கரேலென்று இருக்க, அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். வருஷா வருஷம் அக்டோபரில் கராஜிலிருந்து ஸ்கீயை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு மெழுகு உருக்கித் தேய்க்கும்போது, இஸ்திரிப் பெட்டி அந்த இடத்தில் ஒரு தடவை இடறும். இடறும்போதெல்லாம், இயந்திரம் செய்கிற பனியைப் பற்றி, "அது பொய்ப் பனி, அதுல யார் போவா" என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வரும். சொன்னது தப்பு என்று முழுசாக ஒப்புக்கொள்ள இப்போதும் மனசு வரவில்லை. சரி என்று சாதிக்கவும் முடியவில்லை. அந்த இழுபறியைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது கொலராடோவில், டென்வர் பக்கம். இங்கே அக்டோபர் பிறந்தால் மலையில் ஒரு போட்டி தொடங்கிவிடும். அரபஹோ பேசின், லவ்லேண்ட், கீஸ்டோன் மூன்றும் அடுத்தடுத்து இருக்கிற ஸ்கீ ரிசார்ட்டுகள். யார் முதலில் திறப்பது என்று ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தெற்கே தள்ளி இருக்கும் வுல்ஃப் கிரீக் பனி செய்யும் இயந்திரத்தை அவ்வளவாக நம்பாது. ஆனால் வானம் மனசு வைத்தால் திடீரென்று எல்லாரையும் முந்திவிடும். 2019இல் அரபஹோ பேசின் அக்டோபர் 11ஆம் தேதியே திறந்தது, கீஸ்டோன் மறுநாள். டென்வரில் அப்போது மரங்களில் இலைகூட முழுசாக உதிர்ந்திருக்காது. திறப்பு நாளன்று மலைமேல் கொண்டுபோகும் முதல் லிஃப்ட் நாற்காலியில் ஏறுவதற்காக வண்டி நிறுத்துமிடத்திலேயே நாள்கணக்கில் படுத்துக் கிடக்கிறவர்கள் உண்டு. வாழைப்பழ வேஷம், டைனோசர் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. எம்ஜிஆர் படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ போனதாக என் அப்பா கதை சொல்வார். அதே வெறிதான்.

இவ்வளவு ஆரவாரமும் எதற்கு என்று மேலே போய்ப் பார்த்தால், மலை முழுக்கப் பழுப்பு. காய்ந்த புல், சரளை, பைன் மரங்கள். அதற்கு நடுவே உச்சியிலிருந்து அடிவாரம் வரை இயந்திரம் போட்ட ஒரே ஒரு வெள்ளைப் பட்டை, யாரோ சுண்ணாம்பு வாளியைக் கவிழ்த்துவிட்ட மாதிரி. இங்கே சறுக்குகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் கிண்டல் பெயர் 'மரணத்தின் வெள்ளை ரிப்பன்'. பெயரில் பாதி நகைச்சுவை, பாதி உண்மை. திறந்திருப்பது ஒரே ஒரு தடம். நேற்றுதான் ஸ்கீ வாங்கியவர், முப்பது வருஷமாகச் சறுக்குகிறவர், குறுக்கே உட்கார்ந்து ஸ்னோபோர்டு என்ற ஒற்றைப் பலகையில் கால் கட்டிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பையன்கள், பந்தயப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு பட்டையில்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதுரை விளக்குத்தூண் பக்கம் போயிருக்கிறீர்களா? அந்தக் கூட்டம் முழுக்கக் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. மதியத்துக்குள் மேலே இருக்கும் பனி எல்லாம் சுரண்டப்பட்டு ஓரத்துக்குப் போய்விடும். நடுவில் பளபளவென்று ஐஸ் தெரியும்.

பனி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குச் சின்ன வயசில் பனி என்றால் மார்கழி மாசம் கோலம் போடும்போது தலையில் இறங்குவது. "பனி பெய்யுது, தலைல துண்டப் போடுடி" என்று பாட்டி கத்தும். இங்கே வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனிதான், இயந்திரம் பீய்ச்சுவதும் பனிதான், லிஃப்ட் கம்பியில் காலையில் படிந்திருப்பதும் பனிதான். ஆறு பருவங்களில் முன்பனி, பின்பனி என்று இரண்டை நம் ஆட்கள் பிரித்து வைத்தார்கள். முன்பனி என்றால் இரவின் முன்பகுதியில் இறங்கும் பனி, மார்கழியும் தையும். அதற்கும் கொலராடோ அக்டோபருக்கும் சம்பந்தம் கிடையாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பருவம் பிறக்கும் முன்பே விழுகிற இந்த முதல் பனிக்கு என் மனசில் அந்தப் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

பொய்ப் பனி

நான் ஸ்கீ கற்றுக்கொண்டது முப்பத்தைந்து வயசுக்கு மேல், மகளுக்குத் துணையாகப் போய். அவள் இரண்டு வாரத்தில் பறக்க ஆரம்பித்தாள், நான் இரண்டு வருஷம் உருண்டேன். தட்டுத்தடுமாறிக் கொஞ்சம் பழகிய பிறகு எனக்கு ஒரு கர்வம் வந்துவிட்டது. புதிதாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு வருகிற கர்வம்தான். நிஜப் பனியில்தான் சறுக்க வேண்டும், அக்டோபரில் இயந்திரம் துப்பும் பனியில் வரிசை கட்டி நிற்பது மானக்கேடு என்று பேசுவேன். கேட்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ. எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "உனக்கு நெஜப் பனில திரும்பத் தெரியுமா மொதல்ல?" என்று கேட்பார்.

இயந்திரப் பனி எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்ட பிறகும் அந்த இளக்காரம் போகவில்லை. தண்ணீரை அழுத்தத்தோடு நுண்துளியாக்கிக் குளிர்ந்த காற்றில் பீய்ச்ச வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு குளிர் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது சாதாரண வெப்பமானியை அல்ல, ஈரக்குமிழ் வெப்பநிலையை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுகிற அளவு அது. மண்பானையில் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? வெளியே கசிகிற ஈரம் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. பீய்ச்சிய துளியிலும் அதேதான் நடக்கிறது. துளியில் கொஞ்சம் ஆவியாகி மீதியைக் குளிர வைக்கிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு வேலை நடக்கும். காற்றின் வெப்பநிலை 2 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், ஈரப்பதம் 30 சதவீதம்தான் என்றால் ஈரக்குமிழ் கணக்கு மைனஸ் 3 பக்கம் வந்துவிடும். மைனஸ் 2க்குக் கீழே போனால் பனி செய்ய ஆரம்பிக்கலாம். உதட்டை வெடிக்க வைக்கிற கொலராடோவின் வறண்ட காற்று அங்கேதான் கைகொடுக்கிறது. சில இடங்களில் தண்ணீரோடு ஒரு பாக்டீரியாவின் புரதத்தையும் கலப்பார்கள், துளி உறைவதற்குப் பிடிமானமாக. இதைக் கேட்டபோது என் மகள் "ச்சீ" என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பூரா பனியை வாயில் வைக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்த கதையே வேடிக்கை. கனெக்டிகட்டில் வெயின் பியர்ஸ், ஆர்ட் ஹண்ட், டேவ் ரிச்சி என்று மூன்று பேர் சேர்ந்து அலுமினிய ஸ்கீ தயாரித்தார்கள். 1949-50 குளிர்காலத்தில் பனி சரியாக விழவில்லை, ஸ்கீ விற்கவில்லை. சரி, பனியையே நாம் செய்துவிடலாம் என்று பெயின்ட் அடிக்கும் கம்ப்ரெஸரையும் தோட்டத்துக் குழாயையும் வைத்துக்கொண்டு 1950 மார்ச்சில் செய்தே காட்டிவிட்டார்கள். வியாபாரி புத்தி என்றால் அது.

தண்ணீர்க் கணக்குதான் எனக்கு உறுத்தும், இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு இயந்திரப் பனி போட ஐந்து, ஆறு லட்சம் லிட்டர் வேண்டும். மதுரையில் எங்கள் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரியில் நாற்பத்தைந்து லாரி பக்கம் வரும். அதையும் ஓடையில் தண்ணீர் குறைந்து ஓடுகிற இலையுதிர் காலத்தில் எடுக்கிறார்கள். பெரும்பகுதி வசந்தத்தில் உருகி அதே ஓடைக்குத் திரும்பிவிடும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். ஆனாலும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று வளர்ந்தவளுக்கு, ஒரு ஏக்கருக்கு நாற்பத்தைந்து லாரி என்பதைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. என் 'பொய்ப் பனி' வசனத்தில் இந்த உறுத்தலுக்கும் ஒரு பங்கு இருந்தது. மீதி முழுக்கப் பவிசு.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மூன்று வருஷத்துக்கு முந்தைய நவம்பர், நடுவாக்கில் ஒரு சனிக்கிழமை. எந்த ரிசார்ட் என்பது வேண்டாம், தப்பு என்னுடையது. இரண்டு நாளுக்கு முன்னால் ஒன்பது அங்குலம் விழுந்திருந்தது. மலை முதல் தடவையாக மலை மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. ரிசார்ட்டின் பனி அறிக்கையில் பேஸ், அதாவது தரையில் கிடக்கும் பனியின் உயரம், 18 அங்குலம் என்று போட்டிருந்தார்கள். திறந்திருந்த தடம் இரண்டு. இரண்டிலும் விளக்குத்தூண் கூட்டம். பத்தரை மணிக்கெல்லாம் நடுவில் ஐஸ் பல்லைக் காட்ட ஆரம்பித்துவிட்டது.

பட்டைக்கு இடப்பக்கம், பைன் மரங்களுக்கு இந்தப் பக்கம், யாரும் கால் வைக்காத ஒரு சரிவு. நிழலில் இருந்ததால் நீலம் பாய்ந்த வெள்ளை. கயிறு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. மூங்கில் கம்புகளுக்கு நடுவே கட்டியிருந்த கயிறு ஓரிடத்தில் பனியின் பாரத்தில் தொய்ந்து கிடந்தது. தொய்ந்த கயிறு கயிறு இல்லை என்று அந்த நிமிஷத்துக்கு நான் ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மகள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். "அம்மா, வேணாம்மா, அங்க க்ளோஸ்டு" என்று கத்தினாள். "இதுதான் கண்ணு நெஜப் பனி, பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான்கு திருப்பம். அந்த நான்கையும் இப்போதும் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அவ்வளவு நன்றாக இருந்தது. சத்தமே இல்லை. முழங்காலுக்குக் கீழே ஏதோ மாவுச் சட்டியில் கையை விட்ட மாதிரி ஒரு மென்மை. ஐந்தாவது திருப்பத்துக்கு இடது காலில் எடையைப் போட்டேன். கால் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. அப்புறம் அரிவாளைச் சிமென்ட் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். ஸ்கீ அங்கேயே நின்றுவிட்டது, நான் மட்டும் போனேன்.

முகம் பனிக்குள். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. எழுந்திருக்கலாம் என்று கையை ஊன்றினால் ஊன்ற இடமில்லை. கை தோள் வரை உள்ளே போய்ப் புல்லைத் தொட்டது. காய்ந்த புல், ஒரு மரக்கட்டை, பாசி படிந்த பாறை. அந்தப் பாறையில் என் ஸ்கீயின் கறுப்புப் பிளாஸ்டிக் ஒரு கோடாக ஒட்டியிருந்தது. கையுறையில் அள்ளிய பனியைப் பார்த்தேன். பனி மாதிரியே இல்லை. சீனி. ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, முனை வைத்து, வெயிலில் மினுக்கியது. உருண்டை பிடித்துப் பார்த்தேன், பிடிபடவே இல்லை. விரலிடுக்கில் ரேஷன் கடைச் சீனி மாதிரி ஒழுகிப் போனது.

மகள் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்று யாரையோ கையசைத்துக் கூப்பிட்டாள். மலையில் பாதுகாப்பு பார்க்கும் ஸ்கீ பேட்ரோல் ஆள் ஒருவர் வந்தார், தாடியில் ஐஸ். திட்டுவார், பாஸைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். சறுக்கும்போது கையில் ஊன்றுகிற என் கம்பை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார், கைப்பிடி கீழே இருக்கும்படி. பனியில் வைத்து மெதுவாக அழுத்தினார். முதல் சாண் லேசான தடையோடு இறங்கியது. அதற்கப்புறம் காற்றில் குத்தின மாதிரி சரக்கென்று தரை வரை போனது. "மேலே இருப்பது வியாழக்கிழமைப் பனி. கீழே இருப்பது அக்டோபர் பனி. இதற்குத் தரை கிடையாது" என்றார். பிறகு என்னைப் பட்டைக்குக் கூட்டிவந்து அதே கம்பை, இந்தத் தடவை கூர்முனையை வைத்து, ஓங்கிக் குத்தினார். டங் என்றது. அரை அங்குலம்கூட இறங்கவில்லை. "இது மே மாசம் வரைக்கும் இங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இறுக்கிக் கட்டப் போய்விட்டார்.

மகள் அழுதிருந்தாள் என்று கண்ணாடியைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை. லிஃப்டில் பாதி வழி போன பிறகு, "கயிறு இருந்துச்சுல்லம்மா?" என்றாள். இருந்துச்சு என்றேன்.

சீனி

வீட்டுக்கு வந்து அந்த 18 அங்குலத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். வானத்திலிருந்து விழுந்த 18 அங்குலப் புதுப் பனியை உருக்கினால், கொலராடோவில் ஒன்றரை அங்குலம் தண்ணீர் தேறினால் அதிகம். இயந்திரம் போட்ட 18 அங்குலத்தை உருக்கினால் எட்டு அங்குலம் வரும். அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண். தடத்தில் அளந்ததா, மரத்தடியில் அளந்ததா, எதில் அளந்தது என்று கேட்கத் தோன்றாமல் அந்த எண்ணை நான் மலை முழுக்க விரித்துப் போட்டுக்கொண்டேன். பொய் என்று நான் சொன்னது தரையோடு தரையாக நின்றது. நிஜம் என்று நான் சொன்னதற்கு உள்ளே முக்கால்வாசிக்கு மேல் காற்று.

அது ஏன் சீனியாகிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அக்டோபரில் தரை இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும், பனிக்கு அடியில் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கும். மேலே இரவில் மைனஸ் 15, மைனஸ் 20. நடுவில் இருப்பது ஒரே ஒரு அடிப் பனி. அந்த ஒரு அடிக்குள் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கீழே இருக்கும் மணியிலிருந்து ஆவி கிளம்பி மேலே இருக்கும் மணியின் அடியில் போய் உறையும். இட்லிக் கொப்பரை மூடியின் உட்பக்கம் ஆவி கோத்து நிற்குமே, அதுபோல. வாரக்கணக்கில் இது நடந்தால் உருண்டையாக ஒட்டிக் கிடந்த மணிகள் கோணமும் முனையுமாக, ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாறிவிடும். இங்கே பேச்சு வழக்கில் ஷுகர் ஸ்னோ என்பார்கள். பனி ஆறடி, ஏழடி கிடந்தால் அதே வித்தியாசம் அவ்வளவு உயரத்துக்கும் பரவிவிடும், ஆவி இப்படி ஓடாது. ஆகவே பருவத்துக்கு முன்னால் கொஞ்சமாக விழுந்து, பிறகு வானம் வெளுத்து வாரக்கணக்கில் ஒன்றும் விழாமல் இருப்பதுதான் மோசம். தெற்குச் சரிவில் விழுந்தது வெயிலில் உருகிப் போய்விடும், தொல்லை இல்லை. வடக்குச் சரிவின் நிழலில் தங்குவதுதான் சீனியாகும். டிசம்பரில் அதன் மேலே கனமாகப் பனி விழும்போது, அடுக்கி வைத்த மூட்டைகளுக்கு அடியில் கோலிக்குண்டு பரப்பின கதை. மலைமேல் பனி மொத்தமாகப் பெயர்ந்து இறங்குகிற பனிச்சரிவு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

இதைப் படித்தபோது எனக்கு 2020 ஞாபகம் வந்தது. இங்கே இருப்பவர்கள் யாரும் அந்த அக்டோபரை மறந்திருக்க மாட்டார்கள். கேமரன் பீக், ஈஸ்ட் டிரபிள்சம் என்ற இரண்டு காட்டுத் தீயும் ஒரே சமயத்தில் எரிந்துகொண்டிருந்தன. கேமரன் பீக்கில் மட்டும் 2 லட்சம் ஏக்கருக்கு மேல், மாநில வரலாற்றிலேயே பெரியது. ஈஸ்ட் டிரபிள்சம் ஒரே நாளில் ஒரு லட்சம் ஏக்கரைத் தாண்டிப் பரவியது. டென்வரில் சூரியன் ஆரஞ்சு நிறத்தில் தொங்கியது. காலையில் கார் கண்ணாடியில் சாம்பலைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அம்மா மதுரையிலிருந்து தினமும் போன் பண்ணி, "மழ வருமாடி?" என்று கேட்பாள். "மழ இல்லம்மா, பனி வருதாம்" என்பேன். அக்டோபர் கடைசி ஞாயிறு அது வந்தது. மூன்று பேரும் வாசலில் நின்று கையை நீட்டிக்கொண்டு நின்றோம். தீ அடங்கியது. ஒரு பனியை நான் அவ்வளவு மனசார வரவேற்றது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தப் பருவத்துத் தொடக்கத்தில் விழுந்த பனிதான் மலையில் வடக்குச் சரிவுகளில் தங்கி, அடுத்து வந்த வறட்சியில் சீனியாகி, குளிர்காலம் முழுக்க அடியில் கிடந்தது. அந்தப் பருவத்தில் கொலராடோவில் பனிச்சரிவில் 12 பேர் இறந்தார்கள், நாடு முழுக்க 37 பேர். கோவிட் காரணமாக ரிசார்ட் பக்கம் போகாமல் மலைக்குள் தனியாகப் போனவர்கள் அதிகம் என்று ஒரு பேச்சும் அப்போது இருந்தது. எதுவாக இருந்தாலும், வாசலில் நின்று நான் கையேந்தி வாங்கியது அந்தப் பனியைத்தான். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ரிசார்ட்டுக்குள் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், காலால் மிதிப்பது. ஆஸ்பென் ஹைலண்ட்ஸில் ஹைலண்ட் பௌல் என்று உச்சியை ஒட்டிய பெரிய சரிவு ஒன்று உண்டு. 1984இல் அங்கே பனிச்சரிவில் பேட்ரோல் ஆட்கள் மூன்று பேர் செத்துப் போனார்கள். இப்போது பருவம் தொடங்கும் முன்பே ஆட்களைச் சேர்த்து, ஸ்கீ பூட்ஸோடு வரிசையாக நிற்க வைத்து, அந்தச் சரிவு முழுவதையும் அடியடியாக மிதிக்க விடுகிறார்கள். சீனி உடைந்து இறுகுவதற்காக. குறிப்பிட்ட நாள்கள் மிதித்தால் அந்தப் பருவத்து ஸ்கீ பாஸ் சம்பளம். என் தாத்தா வீட்டுச் சுவருக்கு மண் மிதித்ததை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு ஒரே தாளத்தில் மிதிப்பார்கள். பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, அதே வேலை.

கோயில் செருப்பு

ஸ்கீயைப் பழுது பார்க்கக் கொண்டுபோன கடையில் இருந்தவர் தழும்பைப் பார்த்ததும் விசில் அடித்தார். அப்போது அது தழும்பு இல்லை, பள்ளம். அடிப் பிளாஸ்டிக் முழுசாகக் கிழிந்து உள்ளே மரம் தெரிந்தது. பள்ளத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கிழிந்து நின்ற ஓரங்களைக் கத்தியால் சீவினார். பிறகு மெழுகுவத்தி மாதிரி ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குச்சியைப் பற்ற வைத்து, ஊதிச் சுடரைச் சின்னதாக்கி, பள்ளத்துக்கு மிக அருகே பிடித்தார். தூக்கிப் பிடித்தால் கரி விழுந்து ஒட்டாமல் போய்விடுமாம். சொட்டுச் சொட்டாக விழுந்து பள்ளம் நிறைந்து மேடு தட்டியது. ஆறிய பிறகு இரும்புத் தகட்டால் இழுத்து இழுத்து மட்டமாக்கினார். கறுப்புச் சுருள்கள் தேங்காய்த் துருவல் மாதிரி மேஜையில் குவிந்தன. நிறம் மட்டும் முழுசாகச் சேரவில்லை.

"உங்களிடம் ராக் ஸ்கீ இல்லையா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பருவத்தின் முதல் மாசத்துக்கு மட்டும் ஆளாளுக்குப் பழைய ஸ்கீ ஒரு ஜோடி வைத்திருப்பார்களாம், பாறையில் உரசினாலும் கவலைப்படாத மாதிரி. நான் அவருக்கு விளக்கவில்லை, ஆனால் எனக்கு உடனே விளங்கிவிட்டது. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போக வீட்டில் ஒரு செருப்பு இருக்குமே. தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற அந்தச் செருப்பு. அதேதான்.

மறுவருஷம் நான் ஒரு புது ஜோடி வாங்கினேன். அதை டிசம்பர் பாதி வரை உறையிலிருந்து எடுப்பதில்லை. தழும்பு விழுந்தது அக்டோபருக்கு என்று ஆகிவிட்டது. இப்போதெல்லாம் திறப்பு வாரத்தில் நானும் வெள்ளைப் பட்டையில்தான் நிற்கிறேன், வாழைப்பழத்துக்கும் டைனோசருக்கும் நடுவில். போன வருஷம் லிஃப்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரவு முழுக்கப் பனி போட்டுவிட்டு வேலை முடிந்து ஒரு சுற்றுச் சறுக்க வந்திருந்தார். பனி சரியாக வருகிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இயந்திரம் பீய்ச்சுகிற இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாராம். ஜாக்கெட் கையில் விழுந்தது துள்ளித் தெறித்தால் சரி, ஒட்டி நனைத்தால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். நீட்டிக் காட்டினார். கை முழுக்க ஐஸ், கண்ணாடி வளையல் அடுக்கின மாதிரி. நாற்பத்தைந்து லாரியைப் பற்றி அவரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். தூக்கக் கலக்கத்தில் இருந்தார், கேட்கவில்லை.

இந்த வருஷமும் அக்டோபர் வந்து, தோழி ஒருத்தி காலையிலேயே செய்தி அனுப்பிவிட்டாள்: மலையில் ஏழு அங்குலமாம், போலாமா? வடக்குச் சரிவில் எத்தனை நாள் நிற்கப் போகிறதோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வரேன் என்று பதில் போட்டுவிட்டு கராஜுக்குப் போனேன். பழைய ஸ்கீ இரண்டும் சுவரோரம் சாய்ந்திருந்தன. மகள் எப்போது செய்தாளோ, இடது ஸ்கீயின் முனையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அவளுடைய கோணல் தமிழில் எழுதி வைத்திருந்தாள்: 'அம்மா செருப்பு'. 'ரு'வுக்குச் சுழி போடவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, மெழுகு உருகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன்.